மூன்றாம் தரம் சொல்லும் முன்

"ஏலத்துல கார் எடுக்கப் போறியா? உனக்கு எதுக்குப்பா அந்த வேலை?" இப்படிக் கேட்பதற்கென்றே எல்லாக் குடும்பத்திலும் ஒரு சித்தப்பா இருப்பார். அக்கறையில்தான் கேட்கிறார், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் இரண்டு தீர்ப்புகள் இருக்கின்றன. உனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது முதல் தீர்ப்பு. உன்னால் தெரிந்துகொள்ளவும் முடியாது என்பது இரண்டாவது. முதலாவதைப் பணிவோடு ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவதை எந்த நாளும், எந்தப் பெரியவர் சொன்னாலும் ஏற்காதீர்கள்!

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு குரல் கூவிக்கொண்டிருக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் போதும். "பாங்க் சீசிங் வண்டி, பாதி விலை, இன்றே கடைசி!" இந்தக் குரல் உங்களைப் புகழ்கிறது. நீங்கள்தான் கெட்டிக்காரர், ஊரில் எல்லாரும் ஷோரூமில் பணத்தைக் கொட்டி ஏமாறுகிறார்கள் என்கிறது. சித்தப்பாவின் அச்சுறுத்தலைவிட இந்தப் புகழ்ச்சிதான் ஆபத்து. பயந்தவனின் பணம் பத்திரமாக வங்கியில் கிடக்கும். புகழ்ச்சியில் மயங்கியவன் மனைவியின் நகையை அடகு வைத்துவிட்டு ஏல யார்டு வாசலில் நிற்பான்.

ஏலத்தில் பழைய கார் வாங்குவது புத்திசாலித்தனமா என்று கேட்டால், படித்துவிட்டு வருகிறவருக்கு ஆம், ஆசையை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவருக்கு இல்லை என்பதே என் பதில். கைதட்டல் வாங்கும் மேடைத் தன்னம்பிக்கை அங்கே ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. உழைத்துச் சம்பாதித்த தன்னம்பிக்கை வேண்டும். அதைச் சம்பாதிக்கும் வழியைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில், அந்த வண்டிகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பகுதி, தவணை கட்டாததால் வங்கியும் ஃபைனான்ஸ் நிறுவனமும் எடுத்து வந்தவை. நம் ஊரில் சீசிங் வண்டி என்கிறோம். அடுத்து, விபத்திலோ வெள்ளத்திலோ அடிபட்டு, இன்சூரன்ஸ் நிறுவனம் உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கழித்துக் கட்டியவை. மூன்றாவது, மதுவிலக்கு வழக்குகளில் போலீஸ் பறிமுதல் செய்தவை. மாவட்டந்தோறும் ஆயுதப்படை மைதானத்தில் இவற்றுக்குப் பொது ஏலம் நடக்கிறது. நான்காவது, அரசுத் துறைகள் கழித்த பழைய ஜீப்பும் காரும். கடைசி வகையில் ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்தாகிவிட்டது. அவை உடைப்புக்குத்தான் போகும், ரோட்டுக்கு வராது. அம்பாசடர் மோகத்தில் அங்கே போய் நிற்காதீர்கள்.

இந்த நான்குக்கும் பொதுவான ஒரு வாசகம் ஏல நோட்டீஸில் இருக்கும்: "உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில், உள்ள நிலையில்." இந்த வரியை மூன்று முறை படியுங்கள். நாளைக்கு கியர்பாக்ஸ் கழன்று விழுந்தாலும் விற்றவர் பொறுப்பில்லை என்பதுதான் அதன் பொருள். வாரண்டி கிடையாது, திருப்பிக் கொடுக்க முடியாது, கெஞ்சினாலும் கேட்க ஆளில்லை. விலை குறைவாக இருப்பதற்குக் காரணமே இந்த வரிதான். நீங்கள் வாங்குவது காரோடு சேர்த்து அதன் அபாயத்தையும். அந்த அபாயத்தை அளக்கத் தெரிந்தால் லாபம் உங்களுடையது. தெரியாவிட்டால், தெரிந்த ஒருவர் வேண்டாமென்று விட்ட நஷ்டத்தை நீங்கள் தோளில் சுமப்பீர்கள்.

அளப்பது முடியாத காரியமா? ஜார்ஜ் அகெர்லோஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞரைப் பற்றிச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இருபத்தாறு இருபத்தேழு வயதில், பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்கு வண்டியின் நோய் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. வாங்குபவர் பயத்தில் எல்லா வண்டிக்கும் குறைந்த விலையே தருவார். அதனால் நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தைக்கே வரமாட்டார். கடைசியில் சந்தையில் சொத்தை வண்டிகளே மிஞ்சும் என்பது அவர் வாதம். மூன்று பெரிய ஆய்விதழ்கள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. இது அற்ப விஷயம் என்று சொன்னவர்களும் உண்டு. அவர் கட்டுரையைக் கிழித்துப் போடவில்லை. நான்காவது இதழுக்கு அனுப்பினார், 1970இல் வெளிவந்தது, 2001இல் நோபல் பரிசு வந்தது. பழைய கார் என்பதை அற்ப விஷயம் என்று நினைக்காமல் உட்கார்ந்து யோசித்த ஒரு மனிதனுக்கு உலகம் தந்த மரியாதை அது.

அவர் சொன்னதில் உங்களுக்கான ஆயுதம் இருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாதது எவ்வளவோ, அவ்வளவுதான் உங்கள் ஆபத்து. அந்த இடைவெளியைக் குறையுங்கள்! ஜப்பானில் இதைச் சந்தையே செய்கிறது. அங்கே ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு காரையும் பரிசோதகர் ஒருவர் பார்த்து ஒரு தாள் எழுதுகிறார். அதில் 6, 5, 4.5, 4 என்று தரம் போடுவார்கள். மோதிப் பழுது பார்த்த வண்டியென்றால் ஆர் என்று எழுதிவிடுவார்கள். வண்டியின் படம் வரைந்து எங்கே கீறல், எங்கே நசுங்கல், எந்தக் கதவு மாற்றப்பட்டது என்று குறிப்பார்கள். இலங்கையில் கார் வாங்குகிற நம் தமிழர்கள் இந்த ஏலத் தாளை நன்றாக அறிவார்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பிப்ரவரியில் திறந்ததும் மறுபடி அந்தத் தாளைப் பார்த்துத்தான் வண்டி எடுக்கிறார்கள். நம் யார்டுகளில் அந்த அளவுக்கு நம்பத் தகுந்த தாளை யாரும் உங்கள் கையில் கொடுக்கப் போவதில்லை. அப்படியானால் நீங்களே எழுதுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு வண்டிக்கு ஒரு பக்கம்.

யார்டுக்குள் வாருங்கள். ஊருக்கு வெளியே, பைபாஸ் ஓரம், முள்கம்பி போட்ட பொட்டல். வரிசை வரிசையாகக் கார்கள். முன்கண்ணாடியில் லாட் எண் எழுதியிருக்கும். டயர்களில் காற்று இறங்கி, வைப்பர் ரப்பர் வெயிலில் வெடித்து, பானெட் மேல் வேப்பஞ்சருகு. ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். பாட்டரி உயிரோடு இருந்தால் ஸ்டார்ட் செய்து காட்டுவார்கள், அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. இதைப் பார்த்ததும் பாதிப் பேருக்குக் கை கால் ஓடாது. ஓட்டாமல் எப்படித் தெரிந்துகொள்வது என்பார்கள்.

டயரிலிருந்து தொடங்குங்கள். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்த டயர். மீட்டர் முப்பதாயிரம் கிலோமீட்டர் என்கிறது, வண்டி 2016 மாடல், ஆனால் நான்கு டயரும் இரண்டாவது முறை மாற்றியவை போல இருக்கின்றனவா? கணக்கு உதைக்கிறது. கிளட்ச் பெடலின் ரப்பரைப் பாருங்கள். கோடுகள் தேய்ந்து மொழுமொழுவென்று இருக்கிறதா? ஸ்டியரிங்கின் மேல்பகுதி பளபளக்கிறதா? மீட்டரைத் திருப்பிவிடலாம், பெடலைத் திருப்ப யாரும் மெனக்கெடுவதில்லை.

பானெட்டைத் திறந்து ஃபெண்டர் போல்ட்டுகளைப் பாருங்கள். கம்பெனியில் பெயிண்ட் அடித்த போல்ட் முழுசாக இருக்கும். ஸ்பானர் பட்ட போல்ட்டின் விளிம்பில் பெயிண்ட் உரிந்திருக்கும். அங்கே டிங்கரிங் நடந்திருக்கிறது. ரேடியேட்டருக்கு மேலே போகிற பட்டையில் வெல்டிங் புள்ளிகள் ஒரே சீராக இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். இன்ஜின் ஆயில் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே பால் கலந்த காபி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட் செலவை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன காட்சியை நாடே பார்த்தது. பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கணக்கில் அது முழு இழப்பு. உரிமையாளருக்குப் பணம் போகும், வண்டி ஏலத்துக்குப் போகும். யாரோ எடுத்து, கழுவி, சீட் உறை மாற்றி, வாசனை ஸ்ப்ரே அடித்து மறுபடி சந்தையில் நிறுத்துவார். அந்த வண்டியை எப்படிப் பிடிப்பது? சீட் பெல்ட்டை முடிகிற வரை வெளியே இழுங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு தெரியும். வெளியே தெரிகிற பெல்ட்டைத்தான் துவைத்திருப்பார்கள். ஸ்டெப்னிக் குழியில் வண்டல் இருக்கும். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் போல ஓடுகிற இரும்பில் துரு இருக்கும். டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்து வயரிங் கனெக்டர்களைப் பாருங்கள். செம்பில் பச்சை பூத்திருந்தால் திரும்பி நடங்கள். தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். எலக்ட்ரிக்கல் கோளாறு ஆறு மாதம் கழித்து, மழை நாளில், குடும்பத்தோடு போகும்போது நடுரோட்டில் முகம் காட்டும்.

இவ்வளவும் எனக்கு வராது என்று கைவிரிக்கிறீர்களா? எட்டாம் வகுப்போடு நின்று பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் போன பையன் இதையெல்லாம் இரண்டு வருடத்தில் கற்றுக்கொள்கிறான். நீங்கள் ஏன் கற்றுக்கொள்ள முடியாது? உங்கள் தெருப் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை போய் நில்லுங்கள். டீ வாங்கிக் கொடுத்து, அண்ணா இது என்ன, ஏன் கழற்றினீர்கள் என்று கேளுங்கள். கூச்சப்பட்டால் ஏமாற்றப்படுவீர்கள். அதன் பிறகும் ஏலத்துக்குப் போகும் நாளில் அந்த மெக்கானிக்கையே கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். தன் கையால் எல்லாம் செய்வேன் என்பது வீம்பு. தெரிந்தவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவர்தான் காரியக்காரர்.

வண்டி நன்றாக இருந்தால் மட்டும் போதாது. காகிதம் நன்றாக இருக்க வேண்டும். ஏலத்தில் மாட்டிக்கொண்டவர்களில் பலருக்கு இன்ஜின் துரோகம் செய்வதில்லை, ஆர்.சி. என்கிற பதிவுச் சான்று துரோகம் செய்கிறது. வண்டி வீட்டு வாசலில் நிற்கும், பெயர் வேறு யாருடையதாகவோ இருக்கும். ஏலத்துக்கு முன்பே அரசின் பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு எத்தனையாவது ஓனர், ஹெச்.பி. என்கிற கடன் பதிவு யார் பெயரில் இருக்கிறது, எஃப்.சி. எதுவரை, இன்சூரன்ஸ் இருக்கிறதா, இ-சலான் எத்தனை நிலுவை என்று பாருங்கள். யார்டில் சேஸிஸ் எண்ணின் 17 எழுத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

சீசிங் வண்டியில் பழைய உரிமையாளர் ஆர்.சி.யைக் கொடுக்காமல் இருந்திருப்பார். அதற்கும் சட்டத்தில் வழி உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 51ஆம் பிரிவின்படி ஃபைனான்ஸ் நிறுவனம் படிவம் 36 கொடுத்து, பழைய உரிமையாளருக்கு நோட்டீஸ் போன பிறகு, தன் பெயரிலேயே புது ஆர்.சி. வாங்கலாம். பிறகு ஹெச்.பி. கேன்சலுக்குப் படிவம் 35, பெயர் மாற்றத்துக்கு 29, 30. "எல்லாம் ஒரு மாசத்துல வந்துடும் சார்" என்று யார்டு ஊழியர் சொல்லுவார். புன்னகையோடு கேட்டுக்கொண்டு, எழுத்தில் கொடுங்கள் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம்தான் உங்கள் பணத்தைக் காப்பாற்றும். அரசு நடத்தும் பொது ஏலம் என்றால் படிவம் 32. வண்டியைக் கையில் எடுத்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஏலத்தை நடத்திய அதிகாரி கையெழுத்திட்ட விற்பனை உறுதிச் சான்றும், ஏலத்துக்கு அனுமதி தந்த அரசாணையின் சான்றிட்ட நகலும் அதோடு வேண்டும். ஏலம் எடுத்த அன்றே இவற்றைக் கேட்டு வாங்குங்கள். அதிகாரி மாறிப் போன பிறகு அலைந்தால் செருப்புத்தான் தேயும்.

டெல்லிப் பதிவு எண் கொண்ட வண்டி மலிவாகக் கிடைக்கிறதா? காரணம் தெரிந்து எடுங்கள். 10 ஆண்டு தாண்டிய டீசலும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோலும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. அந்த நெருக்கடியில் வண்டிகள் விலை இறங்கித் தெற்கே வரத் தொடங்கின. இங்கே ஓட்ட என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வேண்டும், மறுபதிவு வேண்டும், தமிழ்நாட்டுக்குச் சாலை வரி கட்ட வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் அந்த மலிவு பல நேரம் காணாமல் போகும்.

இப்போது ஏல நேரம். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று குரல் உயர்கிறது. உங்கள் இதயம் அடித்துக்கொள்கிறது. இங்கேதான் மனிதன் தோற்கிறான். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆய்வாளர்கள் நிர்வாகவியல் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். 1983இல் அதைப் பற்றி எழுதினார்கள். நாணயங்களோ வேறு சிறு பொருள்களோ நிறைந்த ஜாடிகளைக் காட்டி ஏலம் விட்டார்கள். ஒவ்வொரு ஜாடியின் மதிப்பும் 8 டாலர். மாணவர்களின் மதிப்பீடு சராசரியாக 5.13 டாலர். கூட்டம் மொத்தமாகக் குறைத்துத்தான் மதிப்பிட்டது. ஆனால் ஏலத்தில் ஜெயித்த தொகை சராசரியாக 10.01 டாலர்! எட்டு டாலர் ஜாடியைப் பத்து டாலர் கொடுத்து வாங்கினார்கள். எப்படி? ஏலத்தில் ஜெயிப்பது சராசரி மனிதனல்ல; எல்லாரையும்விட அதிகமாகத் தப்புக் கணக்குப் போட்டவன். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் குத்தகைகளுக்கு ஏலம் கேட்ட பெரிய பெரிய கம்பெனிகளுக்கும் இதே கதிதான் நேர்ந்தது என்று 1971இலேயே மூன்று பொறியாளர்கள் எழுதிவிட்டார்கள்.

மருந்து ஒன்றுதான். உங்கள் உச்ச விலையை முந்தைய நாள் இரவு, வீட்டில், அமைதியாக உட்கார்ந்து எழுதுங்கள். ஒரு மாதிரிக் கணக்கு: நல்ல நிலையில் வெளிச்சந்தையில் 4,00,000 ரூபாய் போகிற வண்டி என்று வையுங்கள். டயர், பாட்டரி, பெல்ட்டுக்கு 30,000. கண்ணுக்குத் தெரியாத இன்ஜின், கிளட்ச், சஸ்பென்ஷன் வேலைக்கு 50,000 ஒதுக்குங்கள். இன்சூரன்ஸ், பெயர் மாற்றம், நிலுவை சலானுக்கு 20,000. ஏலக் கம்பெனியின் கட்டணமும் வண்டியை இழுத்து வரும் செலவும் 15,000. ஆக 1,15,000. வாரண்டி இல்லாத அபாயத்துக்கு இன்னொரு 60,000 கழியுங்கள். மிச்சம் 2,25,000. இதுதான் உங்கள் எண். போலீஸ் ஏலம் என்றால் ஏலத் தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி.யும் சேரும், எண் இன்னும் இறங்கும். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள்.

மறுநாள் கூட்டத்தில் ஒருவர் 2,30,000 என்பார். உங்களுக்குள் ஒரு குரல், ஐந்தாயிரம்தானே என்னும். அவன் முன்னால் நாம் தாழ்ந்து போவதா என்னும். கவனியுங்கள், பழைய வியாபாரிகள் சிலர் சிண்டிகேட் போட்டு வருவார்கள். தங்களுக்குள் போட்டி போடாமல் விலையை அடக்குவார்கள். புது முகம் நுழைந்தால் வேண்டுமென்றே விலையை ஏற்றி, அதிக விலையில் அவர் தலையில் கட்டிவிட்டுச் சிரிப்பார்கள். அடுத்த ஏலத்துக்கு அவர் வரமாட்டார் என்பது அவர்கள் கணக்கு. அந்தச் சிரிப்புக்கு இரையாகாதீர்கள். கையை இறக்குங்கள். நூறு பேர் பார்க்க, "போதும், எனக்கு வேண்டாம்" என்று கையை இறக்குவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் தெரியுமா? அங்கே கையைத் தூக்க எவனுக்கும் முடியும். கௌரவம் உசுப்பினால் போதும். இறக்குகிறவன் தன் மனதுக்கு எஜமான்.

ஆன்லைன் ஏலத்திலும் இதே கதைதான். கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் பல தளங்களில் நேரம் தானாக நீளும். நள்ளிரவு வரை உங்களை இழுக்கும். ஜெயித்த பிறகும் வங்கி ஒப்புதல் தந்தால்தான் வண்டி உங்களுடையது. பின்வாங்கினால் முன்வைப்புத் தொகை போய்விடும். விதிமுறைகளைப் படிக்காமல் பொத்தானை அழுத்துவது, வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. "யார்டுக்கெல்லாம் பொம்பளைங்க எதுக்கு, வீட்டு ஆம்பளைய வரச் சொல்லுங்க" என்பவர்களைச் சந்திப்பீர்கள். தங்கையே, நோட்டைத் திற. ஆயில் மூடியைக் கழற்று. சீட் பெல்ட்டை இழு. இரண்டு வண்டி பார்ப்பதற்குள் அந்தப் பேச்சு அடங்கும். மாதாமாதம் குடும்ப பட்ஜெட்டை எழுதி, ரூபாய்க்கு ரூபாய் கணக்குப் பார்த்துப் பழகிய கைக்கு, உச்ச விலை எழுதிய சீட்டை மீறாமல் நிற்பது புதிய பாடமே இல்லை.

இன்னொருவரிடமும் பேச வேண்டும்: வண்டியை இழக்கப் போகிறவரிடம். அந்த யார்டில் நிற்கும் ஒவ்வொரு காரின் டாஷ்போர்டிலும் யாரோ ஒட்டி வைத்த முருகனோ, மாதாவோ, குழந்தையின் ஸ்டிக்கரோ இருக்கிறது. ட்யூ கட்ட முடியவில்லை என்றால் ஒளியாதீர்கள் ஐயா! போனை அணைக்காதீர்கள். வங்கிக்கு நேரே போய்ப் பேசுங்கள். வண்டியை நீங்களே நல்ல விலைக்கு விற்று, வங்கி அனுமதியோடு கடனை முடியுங்கள். ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போனால் மீதிக் கடன் உங்கள் தலையில்தான் இருக்கும். அடியாட்களை வைத்து மிரட்டி வண்டியைப் பறிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நடுரோட்டில் யாராவது மறித்தால் நோட்டீஸும் அடையாள அட்டையும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. வண்டி உங்கள் கையை விட்டுப் போனால் ஆர்.சி.யில் உங்கள் பெயர் நீங்கிவிட்டதா என்றும் விடாமல் பாருங்கள். கைமாறிய வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

வாங்குகிறவருக்கும் அதே பாடம். பெயர் மாற்றாமல், இன்சூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்றாமல் ஓட்டாதீர்கள். இடித்துக்கொண்ட பிறகு சொந்தச் சேதத்துக்கு க்ளெய்ம் கேட்டால் பைசா வராது.

என் தீர்ப்பை மறைக்காமல் சொல்கிறேன். இதுதான் உங்கள் முதல் கார், கையில் இருப்பது மொத்தச் சேமிப்பும், நாளை காலையே வண்டி ஓடியாக வேண்டும் என்றால் ஏலத்துக்குப் போகாதீர்கள். தெரிந்த ஒருவர் ஓட்டிய வண்டியை, ஓட்டிப் பார்த்து, நாலு காசு கூடக் கொடுத்து வாங்குங்கள். அதில் எந்த அவமானமும் இல்லை. கடன் வாங்கி ஏலம் எடுக்கவே எடுக்காதீர்கள். தொகையைச் சில நாளில், போலீஸ் ஏலமென்றால் பெரும்பாலும் அன்றே, முழுசாகக் கட்டச் சொல்வார்கள். ஆனால் உங்களுக்கு அவசரமில்லை, காகிதம் வரும்வரை இரண்டு மூன்று மாதம் காத்திருக்க முடியும், எடுத்த பணம் முழுதும் போனாலும் குடும்பம் ஆடாது, நம்பகமான மெக்கானிக் ஒருவர் கூட இருக்கிறார் என்றால் துணிந்து போங்கள்! வியாபாரிகள் லாபம் பார்க்கிற அதே இடத்தில் ஒரு சாதாரணக் குடும்பஸ்தரும் நல்ல வண்டி எடுக்க முடியும்.

அடுத்த ஏல அறிவிப்பு உங்கள் மாவட்டத்தில் வரும்போது சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வண்டிக்குப் பத்துப் பக்கம் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் உங்கள் உச்ச விலையைக் குறியுங்கள், ஒவ்வொன்றும் என்ன விலைக்குப் போனது என்று பக்கத்தில் எழுதுங்கள். டெபாசிட் கட்டாதீர்கள், டோக்கன் வாங்காதீர்கள். முதல் ஏலத்துக்குப் பணத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.